ஓடை சிவந்தால் சுண்ணாம்பா, கோரைக் குளமா, மூடாக்கா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நேட்டாலின் டண்டீக்குப் பக்கத்தில் நாலு ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு தம்பி, தைப்பூசத்தன்று காவடி இறக்கிய கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, எங்க மேட்டுல பழைய நிலக்கரிக் கழிவுக் குவியல் இருக்குல்ல, அதுலேருந்து வர்ற தண்ணி ஓடையில ஆரஞ்சு கலர்ல ஓடுது. ஒருத்தர் சுண்ணாம்பு கொட்டச் சொல்றார். ஒருத்தர் கோரை வளர்க்கச் சொல்றார். ஒரு ஆள் வந்து குவியலையே அள்ளிக்கிட்டுப் போறேங்கிறார். நான் என்னதான் செய்யறது?"

அதே வாரம் நியூகாசிலிலிருந்து ஒரு அக்காவும், டான்ஹவுசரிலிருந்து ஒரு மாமாவும் கிட்டத்தட்ட இதையே கேட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்.

இந்தக் குவியல்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம், வட நேட்டாலின் நிலக்கரிக் குழிக்குள் இறங்கியவர்கள் இன்னொரு பக்கம். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து முதலில் வேலையை நிறுத்தியவர்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களிடம் போய்ப் பேசியது காந்தியின் சத்தியாக்கிரகத் தோழர் தம்பி நாயுடுவும் ஜொஹானஸ்பர்க்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும். அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, ஒதுக்கிக் கொட்டிய கல் அங்கேயே கிடக்கிறது. என் ஆயா ஓடைத் தண்ணீரில் வெள்ளைத் துணி நனைக்கவே மாட்டார். நனைத்தால் துருக்கறை ஏறி, எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்பார்.

நடப்பது இதுதான். கழிவுக் கல்லில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு இருக்கிறது. காற்றும் தண்ணீரும் பட்டதும் அது கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரிகிறது. அமிலத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியா அந்த வேலையைப் பல மடங்கு வேகமாக்குகிறது. அந்த அமிலம் சுற்றியுள்ள பாறையிலிருந்து அலுமினியம், மாங்கனீசு போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே வருகிறது. குவியலில் பைரைட் தீரும்வரை, பல பத்தாண்டுகளுக்கு, இது நிற்காது.

## எடைபோடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

எவ்வளவு தண்ணீர்? இதற்குக் கருவி வேண்டாம். கசிவு ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு குழாயைப் பதித்து, 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். தம்பியின் ஓடையில் தைப்பூச சமயம் பத்து வினாடி, அதாவது வினாடிக்கு 2 லிட்டர். ஊரில் ஆடிப்பெருக்கு என்று சொல்வோம். இங்கே மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் ஆடியில்தான் ஓடை நூலாக இளைத்துவிடும். அப்போது அதே வாளி நிறைய நாற்பது வினாடி ஆனது. இரண்டு பருவத்திலும் அளக்காமல் எதையும் கட்டாதீர்கள்.

எவ்வளவு அமிலம்? பி.எச் (ஏழுக்குக் கீழே இறங்க இறங்க அமிலம் அதிகம்) மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஊற்றுக்கண்ணில் சில இடங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பி.எச் 6 காட்டும். ஒரு பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் திறந்து வையுங்கள். இரண்டு நாளில் கலங்கி, அடியில் மஞ்சள் வண்டல் இறங்கி, பி.எச் 3 பக்கம் வந்துவிடும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகி, அமிலத்தை வெளியே விட்டதுதான் காரணம். அதனால் ஆய்வகத்தில் "மொத்த அமிலத்தன்மை" என்று சொல்லிக் கேளுங்கள். கூடவே இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, சல்ஃபேட் ஆகியவற்றையும் கேளுங்கள். தம்பிக்குத் தைப்பூசத்தில் வந்த கணக்கு: பி.எச் 3.1, அமிலத்தன்மை லிட்டருக்குச் சுமார் 500 மி.கி., இரும்பு 120, அலுமினியம் 35.

இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சுமை. வினாடிக்கு 2 லிட்டர் என்றால் நாளைக்கு 1,72,800 லிட்டர். அதில் நாளைக்கு 86 கிலோ அமிலத்தன்மை. ஆடியில் லிட்டருக்கு 800 மி.கி. என்று ஏறியிருந்தாலும் தண்ணீர் கால்வாசிதான், ஆக நாளைக்கு 35 கிலோ கூட இல்லை. ஆடி மாதத் தாளை மட்டும் பார்ப்பவர் பயந்து தவறான முடிவெடுப்பார்.

யார் நிலம், யார் பொறுப்பு? 1998-ன் தேசிய நீர்ச் சட்டம், பிரிவு 19-ன்படி, மாசு கிளம்பும் நிலத்தின் சொந்தக்காரரும் அதைக் கையில் வைத்திருப்பவரும் அதைத் தடுக்க வேண்டியவர்கள். "குவியல் உள்ள துண்டை மலிவாக வாங்கிச் சரிசெய்துவிடலாம்" என்று நினைப்பவர்கள், நிலத்தோடு அந்தப் பொறுப்பும் சேர்ந்து வரும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஓடையைத் திருப்பவும், அதில் குளம் வெட்டவும் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அனுமதி வேண்டும். சொந்தக்காரரே இல்லாத சுரங்கம் என்றால் பொறுப்பு அரசிடம் போகும். ஆனால் தலைமைத் தணிக்கையாளரின் 2009 அறிக்கைப்படி நாட்டில் கைவிடப்பட்ட சுரங்கங்கள் சுமார் 5,900. வரிசை நீளம். மனுவை இன்றே கொடுங்கள், வேலையை அதற்காகக் காத்துவைக்க வேண்டாம்.

பத்து வருடம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்? எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான்.

## வழி 1: மேல்நீரைத் திருப்பி, குவியலை மூடுவது

நோய் வரும் இடத்திலேயே கைவைக்கும் வழி இது ஒன்றுதான், குவியலை அகற்றுவதைத் தவிர. இரண்டு பகுதி உண்டு, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் பகுதி, குவியலுக்கு மேற்புறம் ஒரு வாய்க்காலும் கரையும். மேட்டிலிருந்து வரும் சுத்தமான மழைநீர் குவியலுக்குள் புகாமல் சுற்றிக்கொண்டு போகும். ஒரு டிராக்டர், இரண்டு மூன்று ஆட்கள், ஒரு வாரம். இந்தப் பட்டியலிலேயே செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். பிறகு எந்த வழிக்குப் போனாலும் சுத்திகரிக்க வேண்டிய தண்ணீர் குறைந்துவிடும். இதைச் செய்யாமல் சுண்ணாம்பு வாங்குவது, ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

இரண்டாம் பகுதி மூடாக்கு. குவியலின் சரிவைத் தணித்து, களிமண் கலந்த மண்ணை இறுக்கிப் போட்டு, மேலே புல் வளர்ப்பது. மழையில் ஒரு பங்கு புல் வழியாக ஆவியாகிவிடும், காற்றும் உள்ளே போவது குறையும். நியூகாசில் பக்கம் கில்பார்கன் சுரங்கத்தில் இப்படிப்பட்ட மண் மூடாக்குகளை வருடக்கணக்கில் சோதித்தார்கள். மூடிய கழிவு, மூடாததைவிடக் குறைவாகவே கசிந்தது.

மறைந்திருக்கும் செலவு மண்ணில் இருக்கிறது. ஒரு ஹெக்டேர் குவியலுக்கு அரை மீட்டர் மண் என்றால் 5,000 கன மீட்டர், பத்து கன மீட்டர் லாரியில் 500 நடை. அந்த மண்ணை எங்கிருந்தோ வெட்டி எடுக்க வேண்டும், வெட்டிய இடத்தில் மழை அரித்து இன்னொரு டோங்கா, அதாவது ஓடைப் பள்ளம், பிறக்கும். மாடு ஏறினாலும் வாட்டில் மரம் வேர்விட்டாலும் மூடாக்கு கிழியும். ஏற்கெனவே புகையும் குவியலாக இருந்தால், அதன்மேல் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. உள்ளே தீ இருக்கிறது, மேலே ஏறும் வண்டியே கீழே இறங்கிவிடும். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மூடிய மறுநாளே ஓடை தெளியாது. உள்ளே சேர்ந்த அமில உப்பு கழுவிப் போக வருடங்கள் ஆகும். இரண்டாம் வருடம் "ஒன்றும் மாறவில்லை" என்று மனம் விட்டுப் பராமரிப்பை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குவியல் சிறியதாகவும் தெளிவான எல்லையோடும் இருந்து, கசிவு மழையை ஒட்டியே ஏறி இறங்கினால் இதுவே சிறந்த வழி. தண்ணீர் குவியலிலிருந்து வராமல், நிலத்தடிக் குழிகள் நிரம்பிப் பழைய சுரங்க வாயில் வழியாக வழிந்தால் மூடாக்கு ஒன்றும் செய்யாது.

## வழி 2: குவியலை அள்ளிக்கொண்டு போவது

பழைய காலத்தில் கழுவி ஒதுக்கியதில் இன்னும் நிலக்கரி இருக்கிறது. விலை நன்றாக இருக்கும்போது அதை மறுபடி கழுவி விற்க ஆட்கள் வருவார்கள். குவியல் முழுதும் போய், அடிமண்ணும் சுரண்டிச் சுண்ணாம்பு கலக்கப்பட்டு, புல் முளைத்தால் அதைவிட நல்ல முடிவு கிடையாது.

அந்த "முழுதும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கிளறியதும் இதுவரை காற்றுப் படாத பைரைட்டுக்குப் புதிதாகக் காற்றுப் படும். அள்ளும் காலத்தில் கசிவு முன்னைவிட மோசமாகும். நல்லதை எடுத்துக்கொண்டு, விலை இறங்கியதும் பாதியில் விட்டுப் போனால், உங்களுக்கு மிஞ்சுவது திறந்த புண்ணும் நுண்சேற்றுக் குளமும். எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு குழி உண்டு. மாடு இறங்கிச் சிக்கிக்கொண்டதைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறோம்.

வருகிறவரிடம் மூன்று தாள் கேளுங்கள்: கனிம வளத் துறையின் அனுமதி, நீர் அனுமதி, நிலத்தைத் திரும்பச் சீராக்குவதற்கு முன்பணம் கட்டிய சான்று. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பேச்சை நிறுத்திவிடலாம்.

## வழி 3: சுண்ணாம்பு

உடனே பலன் தெரியும். நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் சில நிமிடங்களில் இரும்பு துருத் துருவாகப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். 2002-இல் ஜொஹானஸ்பர்க்குக்கு மேற்கே, மேற்கு ராண்டில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் நிரம்பி அமில நீர் வெளியே வழியத் தொடங்கியபோது, கடைசியில் கை கொடுத்ததும் இதுதான். ராண்ட்ஃபோன்டைன், ஜெர்மிஸ்டன், ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடத்திலும் அரசு நிலையங்கள் சுண்ணாம்பை நம்பித்தான் ஓடுகின்றன.

இப்போது தம்பியின் கணக்கைப் போடுவோம். 86 கிலோ அமிலத்தன்மைக்கு, ஒரு துளி வீணாகாமல் கரைந்தாலும், நாளைக்கு 64 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. 25 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டை. மழை மாதம் ஐந்துக்கு ஏறக்குறைய 380 மூட்டை. ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பார்க்காமல் யாராவது தினமும் போட வேண்டும். பக்கி என்ற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி இறக்குவதை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். தம்பி பேசாமல் இருந்தார்.

அதைவிடப் பெரிய செலவு சேறு. பிரிந்த உலோகம் எங்கும் போய்விடுவதில்லை. அந்த அளவு தண்ணீரிலிருந்து நாளைக்கு ஏறக்குறைய இரண்டு கன மீட்டர் நீர்த்த சேறு சேரும், அதில் நூற்றுக்கு மூன்று பங்குதான் கெட்டி. அதைத் தேக்க ஒரு குளம், அது நிரம்பினால் இன்னொரு குளம், இரண்டுக்கும் கழிவு அனுமதி.

அளவு தவறினாலும் சிக்கல். அலுமினியம் பி.எச் 5-ஐத் தாண்டியதும் பிரியும், ஆனால் 9-க்கு மேல் போனால் மறுபடி கரையும். மாங்கனீசோ 9-க்கு மேல்தான் சரியாகப் பிரியும். ஒன்றைப் பிடிக்கப் போய் இன்னொன்றை விடுவோம். கூடுதலாகக் கொட்டினால் மீனும் தவளையும் சுண்ணாம்பிலேயே சாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. மின்சாரத்தில் ஓடும் கலக்கி வைத்தால் லோட்ஷெடிங், கேபிள் திருட்டு இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு ஒரு ஆள் நிரந்தரமாக இருக்கும் இடத்துக்கும், பெரிய சுமைக்கும், ஓர் ஆபத்து நேரத்தைச் சமாளிக்கவும் சுண்ணாம்பு சரி. தனிக் குடும்பத்துக்கு இது ஒரு பருவத்து மருந்துதான்.

## வழி 4: சுண்ணாம்புக்கல்லும் கோரைக் குளமும்

எல்லோருக்கும் பிடித்தது இது. பம்பு இல்லை, கரண்டு இல்லை, தண்ணீர் தானாக இறங்கி வரும். அதனாலேயே தவறாகக் கட்டப்படுவதும் இதுதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுவோம். கோரை உலோகத்தைக் குடித்துவிடும் என்கிறார்கள். செடிக்குள் போவது மிகச் சிறு பங்கு. கோரை செய்வது வேறு. தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிறது, வேருக்குக் காற்றைக் கொண்டுபோகிறது, வண்டலைப் பிடித்து வைக்கிறது. இரும்பு துருவாகி அடியில் படிகிறது. அமிலத்தைத் தின்பது கோரை இல்லை, கல்லும் பாக்டீரியாவும்தான்.

அதனால் அமிலம் எஞ்சியிருக்கும் தண்ணீரை நேரே கோரைக்குள் விட்டால் பலிக்காது. அமிலம் தணிந்த தண்ணீருக்கு, ஒரு சதுர மீட்டர் குளம் நாளைக்குப் பத்து கிராம் இரும்பைப் பிடிக்கும் என்று கணக்கு வைக்கலாம். தம்பியின் 20 கிலோ இரும்புக்கு 2,000 சதுர மீட்டர் போதும். அமிலத்தோடு சேர்த்து, அடியில் எரு நிரப்பிய கோரைக் குளம் ஒன்றே சமாளிக்க வேண்டுமென்றால், சதுர மீட்டருக்கு ஏழு கிராம் அமிலத்தன்மை என்று தாராளமாக வைத்தாலும் 1.2 ஹெக்டேர். நாலு ஹெக்டேரில் அதைக் கொடுத்துவிட்டால் மாடு எங்கே மேயும்?

ஆக முன்னால் ஒரு கல் கட்டம் வேண்டும். அதில் இரண்டு விதம். மண்ணுக்குள் புதைத்த, காற்றுப் புகாத சுண்ணாம்புக்கல் வடிகால் மலிவானது. தண்ணீர் ஏறக்குறைய 15 மணி நேரம் கல்லோடு இருந்தால் போதும். ஆனால் கரைந்த ஆக்சிஜனும் அலுமினியமும் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பும் துருவாகாத நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்லின்மேல் துருத் தோல் படிந்தும் அலுமினியப் பசை அடைத்தும் சீக்கிரமே செத்துவிடும். தம்பிக்கு அலுமினியம் 35. எனவே இது இல்லை.

இரண்டாவது, மேலே எருவும் கீழே சுண்ணாம்புக்கல்லும் அடுக்கிய குளம். தண்ணீர் எரு வழியாகக் கீழே இறங்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது, சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியா வேலை செய்கிறது, பிறகு கல் அமிலத்தை முறிக்கிறது. மாட்டுச் சாணம், மரத்தூள், வைக்கோல், கரும்புச் சக்கை எல்லாம் எருவாகும். அலுமினியம் இதிலும் அடைக்கும், ஆனால் அடியில் குழாய் வைத்து அவ்வப்போது திறந்துவிட்டால் கழுவலாம்.

இதன் மறைந்த செலவுகள்: சில வருடத்துக்கு ஒருமுறை எரு மாற்றம், இருபது வருடத்துக்குள் கல் மாற்றம், நிரம்பிய துரு வண்டலை அள்ளுவது. ஆடிக் குளிரில் உறைபனி விழும் நம் பக்கத்தில் பாக்டீரியா மந்தமாகும். ஆனால் அப்போது சுமையும் குறைவு என்பது நல்லதாய்ப் போயிற்று. அழுகிய முட்டை வாடை வரும். அது வெறும் நாற்றமில்லை, விஷ வாயு. மூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது, பிள்ளைகளை அருகே விடக் கூடாது. மாட்டுக்கு வேலி அவசியம்.

சுமை நடுத்தரமாகவும், நிலம் மெல்லிய சரிவாகவும், மாதம் இரண்டு முறை நடந்து போய்ப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

## பெரிய இயந்திரங்கள்

எமலஹ்லேனியில் 2007 முதல் சுரங்க நீரைச் சவ்வு வழியாக வடிகட்டி நகராட்சிக்குக் குடிநீராகவே கொடுக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அது நாளைக்குக் கோடிக்கணக்கான லிட்டர், பின்னால் பெரிய நிறுவனம், முழுநேரப் பொறியாளர்கள். ஒரு பண்ணைக்கோ ஒரு கிராமத்துக்கோ இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே நல்லது | கண்ணுக்குத் தெரியாத செலவு | கவனிக்காமல் விட்டால் |
|---|---|---|---|
| மேல்நீர் வாய்க்கால் | ஏறக்குறைய எல்லா இடத்திலும் | வருடா வருடம் மண் அள்ளுதல் | மெதுவாகத் தூர்ந்துபோகும் |
| மூடாக்கு | சிறிய, புகையாத குவியல் | மண், லாரி, வேலி, பொறுமை | அரித்துப் பிளக்கும் |
| அள்ளிப்போவது | அனுமதியும் முன்பணமும் உள்ள ஆள் | கிளறும் காலத்து அமிலம் | பாதியில் நின்றால் முன்னைவிட மோசம் |
| சுண்ணாம்பு | பெரிய சுமை, சம்பள ஆள், அவசரம் | தினசரி மூட்டை, சேறு | அன்றே நின்றுவிடும் |
| கல், எரு, கோரை | நடுத்தரச் சுமை, மெல்லிய சரிவு | இடம், எரு மாற்றம் | சில மாதம் தாங்கும், பிறகு அடைக்கும் |

இந்தச் சிறிய வழிகள் எதுவும் குடிநீர் தராது. அமிலமும் இரும்பும் போன பிறகும் சல்ஃபேட் ஆயிரக்கணக்கில் நிற்கலாம். குடிநீருக்கு இந்நாட்டுத் தரம் லிட்டருக்கு 500 மி.கி. மட்டுமே. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று வெந்தயக்கீரைப் பாத்திக்கும் கொத்தமல்லிக்கும் பாய்ச்சும் முன் இன்னொருமுறை சோதியுங்கள். 2012 ஜனவரியில் முபுமலங்காவின் கரோலினா நகருக்கு நடந்ததை மறக்க வேண்டாம். பெருமழை சுரங்கப் பகுதிகளைக் கழுவி நகரின் அணைக்குள் கொண்டுவந்தது, மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

டான்ஹவுசர் மாமாவுக்கு வருவது குவியல் கசிவே இல்லை, பழைய சுரங்க வாயிலிலிருந்து வருடம் முழுக்க ஒரே அளவில் வழிவது. வினாடிக்கு இருபது லிட்டருக்கு மேல். அது ஒரு குடும்பத்தின் வேலை கிடையாது. கீழே உள்ள எல்லாப் பண்ணைகளும் சேர்ந்து, அளவுக் கணக்கோடு நீர்த் துறைக்கு எழுதச் சொன்னேன். அதுவரை ஓடையிலிருந்து மாட்டை விலக்கி, ஆழ்குழாயைச் சோதிக்க வேண்டும்.

நியூகாசில் அக்காவின் குவியல் சிறியது, அரை ஹெக்டேர்கூட வராது. புகை இல்லை. சொந்தக்காரர் பக்கத்துப் பண்ணைக்காரர், நல்ல மனிதர். அவரோடு சேர்ந்து வாய்க்காலும் மூடாக்கும். வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

தம்பிக்கு முதலில் மேல்நீர் வாய்க்கால். பிறகு எருவும் கல்லும் அடுக்கிய குளம், அதன் கீழே கோரை. அள்ள வந்த ஆளிடம் முன்பணச் சான்று கேட்டதும் அவர் மறுபடி வரவில்லை. குவியல் நிலத்தின் சொந்தக்காரரைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேடி, வாய்க்காலுக்கு அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டார். நீர் அனுமதிக்கும் மனு போட்டாயிற்று. பாக்கி இருப்பது ஐப்பசியில் வரும் முதல் பெருமழை. குளிர் காலமெல்லாம் குவியலில் பூத்த உப்பை அந்த மழைதான் ஒரே மூச்சில் கழுவிக்கொண்டு வரும், வருடத்தின் மிக மோசமான தண்ணீர் அதுவே. மழை விட்டதும் நேரம் பாராமல் வாளி பிடித்து அளந்து, ஒரு பாட்டிலும் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கு வந்ததும் நான் போய்க் குளத்துக்கு முளையடித்துக் கயிறு கட்டுவதாக ஏற்பாடு.